கணினியின் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா?

முதலில் மானிட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். அது எரியவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை. எரிந்தும் 'நோ சிக்னல்' என்று வந்தால் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று கவனியுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு (படத்தைத் திரைக்கு அனுப்பும் பலகை) உள்ள கணினியில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையில்) செருகினால் பெரும்பாலும் படம் வராது. கார்டில்தான் செருக வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் ராம்மை (தற்காலிக நினைவகப் பலகையை) சந்தேகியுங்கள். தூசியும் ஈரமும் அதன் பொன்னிற முனைகளில் படிந்து தொடர்பைக் கெடுக்கும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியின் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். இதைத் தவிர்க்காதீர்கள். பிறகு ராம்மைக் கழற்றி, முனைகளை மென்மையான வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். 'க்ளிக்' என்று கிளிப் பூட்டும்வரை அழுத்த வேண்டும். பாதி இறங்கிய ராம் இருந்தும் பயனில்லை.

பவர் கேபிளைச் செருகி இயக்கிப் பாருங்கள். அப்போதும் படம் வராவிட்டால், பவர் கேபிளை மீண்டும் கழற்றிவிட்டு, மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சி.ஆர்.2032 பேட்டரியை எடுத்து 5 நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸின் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின்) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

புதிதாக மாட்டிய டி.டி.ஆர்.5 வகை ராம் என்றால் முதல் முறை திரை வரச் சில நிமிடம் ஆகலாம். இடையில் அணைத்துவிடாதீர்கள்.