பிறவி மந்திரமும் கற்ற மந்திரமும்: கற்பனை உலகம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியத் தோட்டப் பட்டணத்தைக் களமாக வைத்து மந்திரக் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். ஒருத்தி உள்ளங்கையில் நெருப்போடு பிறந்தவள். இன்னொருவன் பூசாரித் தாத்தாவிடம் பத்து வருடம் மந்திரம் உருவேற்றியவன். மூன்றாவது அத்தியாயத்தில் கதை முட்டிக்கொள்ளும். அவளுக்கு எல்லாம் சும்மா வருகிறது. அவன் உயிரைக் கொடுத்துப் படித்தும் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சமாளிப்பதற்காக அவளுக்குத் திடீரென்று மயக்கம் வரும், அவனுக்குத் திடீரென்று ஓலைச்சுவடி கிடைக்கும். வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

இரண்டு மந்திரத்தையும் தனித்தனிச் சரக்காக நினைப்பதுதான் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். தொல்காப்பியம் செய்யுளியலில் மந்திரத்துக்குச் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்: "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப." சொன்னது பலிக்கும் ஆள் ஒரு பக்கம், மறைவான சொல் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மந்திரம். பதஞ்சலியின் யோக சூத்திரமும் நான்காம் பாதத்தின் முதல் வரியிலேயே சித்தி வரும் வழிகளாகப் பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி என்ற ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிறவிக்கும் பயிற்சிக்கும் நடுவில் நம் மரபு சுவர் எழுப்பவில்லை.

ஊற்று எது என்று சொல்லாமல் விடுவது

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் இருப்பது பிறவி. ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஒட்டுரக மரம் நல்ல பால் தரும் என்பது மொட்டு ஒட்டிய அன்றே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பால் தானாக மங்குக்குள் (பால் சேரும் கிண்ணம்) வந்து விழாது. சீவத் தெரிந்த கை வேண்டும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓட வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஓடுவதால் இந்தச் சாய்வில் கூடுதல் குழாய்கள் அறுபடும். சாய்வைத் திருப்பிப் போட்டால் அதே மரத்தில் பால் குறையும். உளி ஆழம் போய்ப் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் உளி சீராக ஓடாது. ஆகவே வளர்படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். ஆழம் போதாமல் மேலோடு சீவினாலும் பால் குறைவுதான், ஏனென்றால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில்.

இந்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிறவி மந்திரக்காரிக்குப் பால் இருக்கிறது, வெட்டு தெரியாது. அதனால் அவளுடைய சக்தி காய்ச்சலிலும் கோபத்திலும் பயத்திலும் தாறுமாறாகக் கசியும். நினைத்த நேரத்தில் நினைத்த அளவு வராது. கற்றவனுக்கு வெட்டு தெரியும், பால் இல்லை. அப்படியானால் அவன் எதைச் சீவுகிறான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எழுதத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பதில் எதுவாகவும் இருக்கலாம்; ஒவ்வொரு பதிலும் ஒரு வேலியைத் தானே போட்டுக்கொடுக்கும். தன் உடம்பிலிருந்தே எடுக்கிறான் என்றால் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற அளவு வரும். மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுக்கிறான் என்றால் இடம் முக்கியமாகும்: பால்காட்டில் பலித்தது தாமான் (நகரக் குடியிருப்பு) வீட்டின் சிமெண்டுத் தரையில் பலிக்காது. நேர்த்திக்கடன் வழியாகத் தெய்வத்திடம் வாங்குகிறான் என்றால் கடனைக் கட்டத் தவறியதும் என்ன ஆகும் என்று எழுதியாக வேண்டும். இன்னொரு மனிதரிடமிருந்து எடுக்கிறான் என்றால் கதை வேறு பாதையில் போகும். பால் ஒருத்தியுடையது, வெட்டு ஒருவனுடையது, ஸ்டோரில் எடை போட்டுக் கணக்கு எழுதுபவர் மூன்றாம் ஆள். தோட்டத்தில் இரண்டு தலைமுறை வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த முக்கோணத்தை விளக்க வேண்டியதில்லை. தோட்டப் பட்டணத்தில் வைக்கும் கதைக்கு இந்தக் கடைசிப் பதில்தான் மிக வலுவானது என்பது எங்கள் எண்ணம்.

விலையைப் பொத்தாம் பொதுவாக எழுதுவது

மூக்கில் இரத்தம், தலைசுற்றல், இரண்டு நாள் தூக்கம். இவை விலையாகா. அடுத்த அத்தியாயத்தில் ஆள் எழுந்து நடந்துவிடுவார், எதுவும் குறைந்திருக்காது. விலையை எண்ணால் எழுதிப் பாருங்கள்.

பட்டைக் கணக்கு இதற்கு நல்ல பாடம். ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் பட்டை போகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவி, மழை நாள்களைக் கழித்து, ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்தால் 22.5 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் உயரப் பட்டை ஆறரை ஆண்டுக்கு மேல் வரும். அதற்குள் மறுபக்கத்துக்கு மாறலாம், சீவிய பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்துகொண்டிருக்கும். அதே மரத்தை ஆசைப்பட்டு ஆண்டு முழுக்கத் தினமும் சீவினால் அந்தப் பட்டை இரண்டே முக்கால் ஆண்டில் தீர்ந்துபோகும். எத்திஃபோன் என்ற ஊக்கமருந்தைத் தடவினால் பால் கூடுதல் நேரம் ஓடும். அளவு மீறினால் பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வராத மரமாகிவிடும். அதற்கு மேல் ஓய்வு கொடுத்துப் பார்ப்பதைத் தவிரச் செய்ய அதிகமில்லை.

உங்கள் கதாநாயகிக்கு இப்படி ஒரு பட்டையைக் கொடுங்கள். மொத்தம் எத்தனை வெட்டு, ஒரு வெட்டுக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு காலத்தில் திரும்ப வளரும், எந்த ஊக்கமருந்து அதை அவசரப்படுத்தும். நான்கு எண்கள் போதும். 12 வயதில் சக்தி வெளிப்பட்ட பெண்ணைக் குடும்பம் தினமும் பயன்படுத்தினால் 15 வயதுக்குள் அவள் வறண்டுவிடுவாள் என்று கணக்கே சொல்லிவிடும். அந்தக் குடும்பத்தின் கதையை நீங்கள் வலிந்து சோகமாக்க வேண்டியிருக்காது.

கற்றவனின் விலை வேறு விதம். அவன் முன்பணமாகக் கட்டுகிறான், பிறவிக்காரி பின்னால் கட்டுகிறாள். இந்த ஒரு வேறுபாட்டைக் கடைசி வரை காப்பாற்றினாலே இரண்டு பேரும் ஒரே கதையில் நிற்கலாம். நாற்பது வயதில் அவன் கை தேறியிருக்கும், அவள் பட்டை தேய்ந்திருக்கும்.

பரம்பரை என்று எழுதிவிட்டுக் கணக்குப் பார்க்காமல் விடுவது

"எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு வரும்" என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். எப்படி வரும்?

செம்பனையிலேயே (எண்ணெய்ப் பனை) இதற்கு விடை இருக்கிறது. கொட்டை ஓடு தடித்தது டூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறையச் சதையும் உள்ள டெனெரா. தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் இதுதான். ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு; மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2013இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டது. டெனெரா நன்றாகக் காய்க்கிறதே என்று அதன் கொட்டையையே முளைக்க வைத்து நட்டால், டெனெராவும் டெனெராவும் கூடிய கன்றுகளில் 4இல் 1 டூரா, 4இல் 2 டெனெரா, 4இல் 1 பிசிபெரா. பிசிபெராவில் பெரும்பாலும் குலை தேறாமல் கருகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு மறுநடவுக்கும் டூரா தாயையும் பிசிபெரா தந்தையையும் கலந்த விதையைப் புதிதாக வாங்குகிறார்கள்.

இதைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். கலப்பில் பிறந்த பிள்ளைதான் வலிமையானது, "தூய" வழியில் பிறந்ததற்குச் சக்தி காய்க்காது. வழக்கமான அரச வம்சக் கதை தலைகீழாகிவிடும்.

ஒடுங்கு பண்பாக, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவதாக வைத்தாலும் கணக்கு உண்டு. 10,000 பேரில் ஒருவருக்குச் சக்தி என்றால், வெளியே தெரியாமல் அதைச் சுமப்பவர்கள் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். 500 பேர் உள்ள தோட்டத்தில் 10 பேர் சுமப்பார்கள், ஒருவரிடமும் வெளிப்படாமலே காலம் போகலாம். இப்போது நம் உறவுமுறையைச் சேர்த்துப் பாருங்கள். சக்தி கைவந்த ஒரு பாட்டி. அவளுடைய மகன் வழிப் பேரனும் மகள் வழிப் பேத்தியும் முறைப்படி மணக்கிறார்கள். இருவரும் சுமப்பவர்களாக இருக்க 4இல் 1 வாய்ப்பு. அவர்கள் பிள்ளையிடம் வெளிப்பட 16இல் 1. அதே பேரன் உறவில்லாத பெண்ணைக் கட்டினால் 400இல் 1. அத்தை மகளைக் கட்டச் சொல்லி வீட்டில் ஏன் இத்தனை பிடிவாதம் என்பதற்கு உங்கள் உலகத்தில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வரலாற்றுக் களம் என்றால் 1938ஐயும் கணக்கில் எடுங்கள். அந்த ஆண்டு இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு உதவியோடு தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தது. ஊரிலிருந்து வரும் புதிய வழிகள் அதன் பிறகு சுருங்கும்.

ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். பிறப்பால் வரும் உயர்வு என்று எழுதிய உடனே நம் வாசகர் மனத்தில் சாதி வந்து உட்காரும். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் சம்பந்தத்துக்கு எல்லை போட்ட சமூகம் இது. சக்தியுள்ள குடும்பத்தைக் காரணமே சொல்லாமல் உயர்ந்ததாகக் காட்டினால், நீங்கள் நினைக்காவிட்டாலும் கதை அந்தப் பழைய ஏணியைத்தான் நியாயப்படுத்தும். சக்தி எந்த வீட்டில் விழுகிறது, அதனால் யாருக்கு என்ன மறுக்கப்படுகிறது என்பதை அறிந்தே எழுதுங்கள்.

கற்பதை ஒரு பாட்டுக் காட்சியில் முடித்துவிடுவது

மந்திரம் உருவேற்றினான் என்று ஒரு வரியில் தாண்டாதீர்கள். ஒரு உருவுக்கு, அதாவது மந்திரத்தை ஒரு முறை சொல்ல, 5 விநாடி என்று வைப்போம். நாளுக்கு 1008 உரு என்றால் 84 நிமிடம். ஒரு லட்சம் முடிய 100 நாள். இனி அந்த 84 நிமிடத்தை ஒரு பால்மரத் தொழிலாளியின் நாளில் எங்கே வைப்பது? விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு மரம் சீவல், பால் சேகரிப்பு, ஸ்டோரில் எடை, மதியத்துக்கு மேல்தான் வீடு. அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டும், அல்லது நிரையில் (மர வரிசை) நடந்துகொண்டே சொல்ல வேண்டும். நடந்துகொண்டு சொன்னால் கணக்கு செல்லுமா? ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்தா? இந்த விதிகள்தான் கற்ற மந்திரம். கண்ணைக் கூசும் ஒளி பிறகு வரட்டும்.

தோல்வியையும் படிப்படியாக எழுதுங்கள். உளி பிடிக்கக் கற்பவரை மறுநடவுக்கு நிற்கும் கிழட்டு மரத்தில் விடுவதுதான் முறை, கெட்டால் நட்டமில்லை. உங்கள் மாணவன் எதைக் கெடுத்துப் பழகுகிறான்? முதலில் ஆழம் போதாமல் ஒன்றும் நடக்காது. அடுத்து ஆழம் மீறிக் காயமாகும். ஆழம் பிடிபட்ட பிறகு வேகம் வராது. கடைசியில் கை தேறியதும் வரும் கவனக்குறைவு ஒன்று உண்டு, அதுதான் மிக அதிக சேதம் செய்யும். ஒவ்வொரு படியிலும் தவறு வேறாக இருந்தால், மாணவன் எங்கே இருக்கிறான் என்று வாசகருக்குத் தானாகத் தெரியும்.

பிறவிக்காரி இதே படிப்பைப் படித்தால் என்ன ஆகும் என்பதையும் முடிவுசெய்துவிடுங்கள். சீக்கிரம் கற்பாளா? அல்லது தானாகக் கசிவதை அடக்க வேண்டியிருப்பதால் இன்னும் மெதுவாகவா? எங்களுக்கு இரண்டாவது பிடிக்கும்.

பட்டணம் மட்டும் மாறாமல் நிற்பது

1981க்கு முன் செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவினார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வேலையை வண்டே செய்தது, அந்த ஆள் வேலை போனது. ஒரு வண்டுக்கே இப்படி என்றால், மழையை ஒரு மணி நேரம் தள்ளிப்போடத் தெரிந்த பெண் இருக்கும் தோட்டம் பழைய மாதிரியே எப்படி ஓடும்? கிராணியின் (தோட்டக் கணக்கர்) பதிவேட்டில் அவளுக்குத் தனிப் பத்தி இருக்கும். தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) அவளை நல்ல நிரைக்குக் கேட்பார். பக்கத்துத் தோட்டம் நாளுக்கு 5 வெள்ளி கூட்டித் தரும். குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதைத் தடுக்கக் கற்றவனுக்கு லாரிக்காரர்கள் வட்டமடிப்பார்கள்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. சமஸ்கிருதப் பெயர்களைக் குவித்தால் உலகம் கனமாவதில்லை. வெட்டு, கசிவு, வறட்சி, உரு, முன்பணம் போன்ற சொற்களே சட்டங்களைத் தாங்கும். பக்கத்து மலாய்க் கம்பத்து மந்திரவாதியான போமோவின் ஜம்பி மந்திரம் வேறு மொழியில் இருந்தும் ஏன் பலிக்கிறது என்பதற்கும் ஒரு விடை வைத்திருங்கள், ஏனென்றால் அவர் ஊரில் இல்லாமல் இருக்கமாட்டார்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு மழை நாளை மட்டும் தாளில் ஓட்டிப் பாருங்கள். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தில் பரவி வழிந்து வீணாகும் என்பதால் சீவல் கிடையாது, கூலியும் குறையும். காலை ஐந்தரைக்கு உங்கள் இருவரும் பெரட்டுக் களத்தில் நிற்கிறார்கள். அவளிடம் எத்தனை வெட்டு மிச்சம், அவன் எத்தனையாவது உருவில் இருக்கிறான், தண்டல் யாரைப் பார்த்து முதலில் பேசுகிறார், அன்றைக்குக் கூலி இல்லாத மற்றவர்கள் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் பேனா நின்றால், அந்த விதி இன்னும் முடிவாகவில்லை. அதை முடித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.