மருத்துவமனை வாயிலில் கொரோனா அறிகுறிகளைக் கண்டறிவது எப்படி?

நோயாளி பதிவுச்சீட்டு வரிசையில் நின்ற பிறகு அறிகுறிகளைக் கேட்பதில் பயனில்லை. அதற்குள் அவர் பலருக்கு அருகில் நின்றிருப்பார். ஆகவே பரிசோதனை மேசையை வாயிலுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள நிழலில் அமைத்து, வருபவருக்கு முதலில் முகக்கவசம் அளித்து, குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளிவிட்டு விசாரிக்க வேண்டும்.

காய்ச்சல், இருமல், தொண்டைவலி, மூச்சுத்திணறல், மணமோ சுவையோ தெரியாமை ஆகியவற்றையும், கடந்த 14 நாட்களில் தொற்றுள்ள எவருடனாவது நெருங்கிப் பழகினாரா என்பதையும் கேளுங்கள். வெப்பமானி 98.6 டிகிரி காட்டுகிறது என்பதற்காக உள்ளே அனுப்பிவிடக் கூடாது. “காலையில் காய்ச்சல் மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று கேட்டால்தான் பாராசிட்டமால் மறைத்த காய்ச்சல் தெரியவரும், எவ்வளவு கூட்டமானாலும் இந்த ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவியால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்ப்பதில்தான் மிகுந்த பொறுமை தேவை. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சோ கருமருதாணியோ இருந்தாலோ கருவி தவறாகக் காட்டக்கூடும். எனவே கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். கருநிறத் தோலில் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரிவதும் உண்டு என்பதால், 95 சதவீதம் என்று காட்டினாலும் பேசும்போதே மூச்சு வாங்குபவரை மருத்துவரிடம் காட்டுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால், நடக்கவிடாமல் சக்கர நாற்காலியில் தனிப்பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நெஞ்சுவலியோடு வந்தவரையும் பிரசவ வலி கண்டவரையும் கேள்விகளுக்காக வாயிலில் நிறுத்துவது பெருந்தவறு. பாதுகாப்பு உடையணிந்த பணியாளர்கள் அவர்களுக்கு உடனே சிகிச்சையைத் தொடங்கட்டும். விவரங்களை உடன் வந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம், அவரையும் அப்போதே பரிசோதித்துவிடலாம்.