எட்டு மணிக் கேள்வி: குடும்ப குரூப்பில் முறை வைத்துக் கேள்வி கேட்பது எப்படி?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருபத்தாறு பேர். பாதிப் பேர் தென்காசியில், சிலர் சென்னையில், தங்கச்சி குடும்பம் சிங்கப்பூரில், மச்சினன் துபாயில். மூன்று வருடமாக தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி விழுகிறது. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. நீங்களும் இப்படி ஆரம்பிக்க நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சரியான விடை சொன்னவரே அடுத்த கேள்வி கேட்கட்டும் என்றுதான் முதலில் வைத்திருந்தோம். பதினைந்தே நாளில் ஆட்டம் மூன்று பேர் கைக்குப் போய்விட்டது. விரல் வேகமாக ஓடும் இளவட்டங்கள் அந்த மூவரும். அத்தை, சித்தி எல்லாம் விடை தெரிந்தும் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மெல்ல ஒதுங்கிவிட்டார்கள். அந்த விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயது வரிசையில் பட்டியல் போட்டோம். முதலில் பெரியம்மா, கடைசியில் ஏழாவது படிக்கும் தங்கச்சி மகள். பட்டியலை குரூப்பில் பின் பண்ணி வைத்திருக்கிறோம். முடியாத நாளில் சாயங்காலம் ஆறு மணிக்குள் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். மறந்துபோனவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. என் கையிருப்பில் உள்ள கேள்வி ஒன்றை அன்றைக்குப் போட்டுவிடுவேன்.

நேரமும் முக்கியம். முதலில் ஒன்பதரைக்கு வைத்திருந்தோம். அப்போது சிங்கப்பூரில் நடுராத்திரி. எட்டு மணி என்றால் அங்கே பத்தரை, துபாயில் ஆறரை. எல்லோரும் விழித்திருப்பார்கள்.

விடையை குரூப்பில் போடவே கூடாது. கேள்வி கேட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் ஆட்டமே மாறிப்போனது. ஒருவர் சொன்னதைப் பார்த்து அடுத்தவர் எழுத முடியாது, வேகத்துக்கும் மதிப்பில்லை, தப்பாகச் சொன்னவருக்குக் கூச்சமும் இல்லை. எட்டரைக்கு ஒரு துப்பு. அதற்கு முன் சரியாகச் சொன்னால் இரண்டு மதிப்பெண், பின் என்றால் ஒன்று. ஒன்பதுக்கு விடை.

கூகுளில் தேடிவிடுவார்களே என்று எல்லோரும் கேட்பார்கள். போன் கையில் இருக்கும்போது யாரையும் தடுக்க முடியாது. ஆனால் யோசித்தாலே கிடைக்கும்படி கேள்வி இருந்தால், தேட மனசு வராது. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிலையின் உயரம் என்ன?’ என்று கேட்டால் 133 அடி என்று யாரும் சொல்லிவிடுவார்கள், அதோடு முடிந்தது. நான் இப்படிக் கேட்டேன்: ‘133 அடியில் பீடம் மட்டும் 38 அடி. ஏன் 38?’ அன்றைக்கு எட்டரைக்குள் பதினொரு பேர் விடை அனுப்பினார்கள். 133 அதிகாரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து நூல் பிடித்துப் போனால், அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம் என்பது வந்து நிற்கும். மேலே நிற்கும் 95 அடி சிலைக்குப் பொருளும் இன்பமும், 70 கூட்டல் 25. அறம் அடித்தளம், அதன் மேல் மற்ற இரண்டும். நான் விளக்கம் எழுதுவதற்கு முன்பே சித்தப்பா இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்.

துப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் எழுத்து இன்னது என்று சொல்வது சப்பென்று இருக்கும். ‘லாகூரில் பிறந்த தமிழர் ஒருவருக்கு 1983இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. யார்?’ என்று ஒருநாள் கேட்டான் மச்சினன். எட்டரைக்கு அவன் போட்ட துப்பு: ‘அவருடைய சித்தப்பாவுக்கும் 1930இல் இதே பரிசு.’ சி.வி.ராமன் எல்லோர் நினைவிலும் வந்துவிட்டார்; அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதும் உடனே வந்தது. லாகூர் எப்படி என்றால், அப்பாவுக்கு அப்போது அங்கே ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம்.

கேள்வியின் வாசகத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். ‘தமிழ்நாடு என்று பெயர் மாறியது எந்த ஆண்டு?’ என்று நான் ஒருமுறை கேட்டேன். 1969 என்று சொன்னவர்களுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, 1967 என்று அனுப்பிய பெரிய மாமாவுக்குப் பூஜ்யம் போட்டேன். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மாமா அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர். ரெண்டு நாள் குரூப்பில் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போன் போட்டு, ‘மாமா, கேள்வியில்தான் தப்பு, உங்க மேல இல்ல’ என்று சொல்லி, குரூப்பிலும் எழுதி மதிப்பெண்ணைக் கொடுத்தேன். அதிலிருந்து கேள்வியை அனுப்புவதற்கு முன், இதற்கு இன்னொரு விடை சொல்ல வழி இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள்.

பழைய கைடுகளை நம்பிக் கேட்பதும் ஆபத்து. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று அவற்றில் இருக்கும். 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்றுதான் மத்திய அரசு பதில் கொடுத்தது. மாவட்டங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான்: 2020இல் மயிலாடுதுறை சேர்ந்து 38 ஆனது, பழைய புத்தகத்தில் 32தான் இருக்கும். மாறக்கூடிய விஷயத்தைக் கேட்டால், எந்தத் தேதி நிலவரம் என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள்.

எதைப் பற்றிக் கேட்பது என்று திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கையில் புழங்கும் விஷயத்தைக் கேளுங்கள். பெரியம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். முதல் முறை வந்தபோது, ‘எனக்கு என்னப்பா தெரியும், என்னை விட்டுடுங்க’ என்றார். ‘நெல் அளந்தீங்களே பெரியம்மா, அதுல ஒண்ணு கேளுங்க’ என்றேன். எட்டு மணிக்குக் குரலில் பேசி அனுப்பினார்: ‘ஒரு கலத்துக்கு எத்தனை மரக்கால்?’ இன்ஜினியர்கள், சி.ஏ. படித்தவன் எல்லோரும் திண்டாடினோம். எட்டரைக்குத் துப்பு: ‘ரெண்டு மரக்கால் ஒரு பதக்கு, ரெண்டு பதக்கு ஒரு தூணி, மூணு தூணி ஒரு கலம்.’ பெருக்கினால் 12. ஒன்பது மணிக்கு விடையோடு சேர்த்து, களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணுவார்கள் என்பதையும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை ஒவ்வொருவரும் அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கேட்ட கேள்வி திரும்ப வராமலிருக்க ஒரு நோட்டில் தேதி, கேட்டவர், விடை மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டு என் மருந்துக் கடை மேஜையில் இருக்கிறது. மாதம் பிறந்தால் மதிப்பெண் எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். போன மாதம் பின்தங்கியவர்களும் முதல் தேதி எட்டு மணிக்கு உற்சாகமாக வந்துவிடுவார்கள்.