செடி வளர்க்கும் மீன்தொட்டிக்குப் பின்னால் என்ன ஒட்டலாம்?

கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பவளப்பாறை, கடல்செடி படங்களை வாங்காதீர்கள். உண்மையான செடி வளரும் நன்னீர்த் தொட்டியில் அச்சடித்த செடி போட்டிக்கு நின்றால் இரண்டுமே எடுபடாது.

என் ஓட்டு பளபளப்பில்லாத மேட் கறுப்புக்கு. ஃபில்டர் குழாய், ஹீட்டர், ஒயர் எல்லாம் அதில் மறைந்துவிடும். பச்சை தூக்கலாகத் தெரியும். நியான் டெட்ரா மீனின் நீலக்கோடும் பளிச்சென்று மின்னும். பல மீன்கள் வெளிறிய பின்புலத்தில் தாங்களும் வெளிறிவிடும். கறுப்பில் நிறம் கூடும். ஒரே குறை, சிவப்பு ரொட்டாலா போன்ற செடிகள் அடர்ந்து வளர்ந்தபின் தொட்டி சற்று இருட்டாகத் தோன்றும். அது பிடிக்காதவர்களுக்குப் பனிக்கண்ணாடி ஃபிலிம் (வெளிச்சத்தை மங்கலாக விடும் ஒட்டுத்தாள்) நல்லது. பின்னால் ஓர் எல்இடி பட்டை வைத்தால் ஆழம் கூடினாற்போல இருக்கும்.

எதுவானாலும் வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும், தொட்டியைச் சுவரோரம் தள்ளுவதற்கு முன்பே. கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஃபிலிமை ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தால் காற்றுக்குமிழி நிற்காது. சார்ட் பேப்பர் மலிவு. ஆனால் தண்ணீர் வழிந்தால் திட்டுத்திட்டாகிவிடும், மேல்விளிம்பை முழுக்க டேப் போட்டு அடையுங்கள்.