திருகோணமலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கையில் உள்ள காசுக்கு இழுவையான ஒரு குடும்பக் கார்

தமிழ்நாட்டில் இருந்து வேலைக்காக வருகிறீர்களோ, கனடா, லண்டன், பிரான்ஸ் பக்கம் இருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறீர்களோ, வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சரிவந்த கையோடு அடுத்து வருவது கார்ப் பேச்சுத்தான். ஊருக்குள் ஓடித் திரிய ஓட்டோ போதும். ஆனால் பெரிய வைத்தியம் என்றால் கண்டி அல்லது கொழும்பு, சொந்தக்காரர் கலியாணம் என்றால் யாழ்ப்பாணம் அல்லது மட்டக்களப்பு, ஆட்களை ஏற்ற இறக்க என்றால் கட்டுநாயக்கா விமான நிலையம். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அம்மாவையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தூரத்தை ஓடுகிற கார்தான் உங்களுக்குத் தேவை. அதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. பழைய கார்களின் விலையைக் கேட்டதும் மனம் உடைந்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரி கடுமை. அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் பதினைந்து வயதுக் கார் ஒன்றுக்கு இங்கே சொல்லும் விலைக்கு வெளிநாட்டில் புதுக் காரே எடுக்கலாம். இதில் இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இறக்குமதி வரி எஞ்சினின் சிசி அளவைப் பார்த்து ஏறுகிறது. அதனால்தான் தெருவில் 660, 1,000, 1,500 சிசி கார்களை இவ்வளவு காண்கிறீர்கள். பெரிய எஞ்சின் கார்கள் குறைவு. ஆனால் பழசானதும், பெற்றோல் செலவுக்குப் பயந்து ஆட்கள் ஒதுங்குவதால், அவற்றின் விலை சின்னக் கார்களின் விலைக்கே இறங்கி நிற்கும். அந்த இடத்தில்தான் ஆசையும் ஆபத்தும் ஒன்றாக இருக்கின்றன.

இந்த ஊரில் இழுவை எதற்கு? வேகத்துக்கு இல்லை. நகர எல்லைக்குள் 50, வெளியே 70, அதுதான் சட்டம். ஹபரணையில் இருந்து கந்தளாய் வழியாக வரும் ஏ6 வீதியில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. முன்னால் நெல் ஏற்றிய லொறி ஒன்று 40இல் ஊர்ந்து போகும். எதிரே இடைவெளி கிடைக்கிற அந்த ஒரு சில விநாடிக்குள் அதைக் கடந்து உங்கள் பக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆட்கள் நிறைய, ஏசி ஓட, கச்சான் காற்று அனலாய் வீச, அப்போதும் மிதித்ததும் கார் முன்னுக்குப் போக வேண்டும். நான் இழுவை என்று சொல்வது அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 660 சிசி சுசுகி வேகன் ஆர் (ரேர்போ இல்லாதது) 52 குதிரைவலு, எடை ஏறத்தாழ 800 கிலோ. நாலு பெரியவர்களும் பைகளும் 300 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,100 கிலோ. டன்னுக்கு 47 குதிரைவலுதான் மிஞ்சும். 1,500 சிசி ரொயோட்டா அலியன் 109 குதிரைவலு, எடை 1,200 கிலோ அளவில். அதே நாலு பேரை ஏற்றினால் டன்னுக்கு 73 வரை நிற்கும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேகன் ஆர் அருமையான வாகனம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகைக் கார்கள் நாலு பேருக்கென்றே செய்யப்பட்டவை. அம்மம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் என்றால் அந்தப் பேச்சை அதோடு விடலாம்.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். முடிந்தவரை 1,500 முதல் 1,800 சிசிக்குள், நன்றாகப் பராமரித்த ரொயோட்டா செடான் ஒன்றைத் தேடுங்கள். கொரொல்லா 121, 141, அக்சியோ, அலியன், பிரிமியோ எல்லாம் அந்தக் குடும்பம். இவற்றில் வரும் 1,500 சிசி 1என்இசட் எஞ்சினுக்கு, இடைக்கிடை மாற்ற வேண்டிய ரைமிங் பெல்ற் கிடையாது, செயின்தான். இந்த ஊரில் எந்த பாஸும் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற எஞ்சின் அது. அலியன், பிரிமியோவில் 1,800 சிசியும் உண்டு. அது 130 குதிரைவலுவுக்கு மேல். 1,500ஐயே எல்லாரும் கேட்பதால், 1,800 சில வேளைகளில் நல்ல விலைக்கு அகப்படும். பெற்றோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ கொழும்புக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பழைய 240 மொடல் அலியனில் நாலு கியர் ஒட்டோமற்றிக், 260இல் கியர்ப் படிகளே இல்லாத சிவிரி. சிவிரி மென்மையாக ஓடும், ஆனால் அதற்குரிய எண்ணெயை மாற்றாமல் விட்டவரின் காரை வாங்கினால் பிறகு அழ வேண்டி வரும்.

பெரிய குடும்பம், சாமான் நிறைய என்றால் நிசான் எக்ஸ்-ரெயில் ரி30 ஒரு தெரிவு. 2,000 சிசி, 140 குதிரைவலு அளவில். உயரமாக நிற்பதால் மழைக்காலத்தில் குச்சவெளிப் பக்கம் போகவும் வசதி. எட்டுப் பத்துப் பேர் என்றால், டொல்பின் என்று இங்கே சொல்லும் பழைய ரொயோட்டா ஹையேஸ் வான். அது வேகத்தில் மெதுவானாலும் பாரத்தோடு சலிக்காமல் இழுக்கும்.

ஜேர்மன் கார்களும் பழைய பெரிய ஜீப்புகளும் அலியனை விடக் குறைந்த விலைக்கு விளம்பரத்தில் நிற்கும். தோல் ஆசனம், ஆறு சிலிண்டர், பார்த்தால் மனம் போகும். நான் திரும்பி வந்த வருடம் என் மனமும் போனது. 2,000 சிசியைத் தாண்டிய பழைய ஜீப் ஒன்று, வேறு மாவட்டத்து ஆள், கண்ணாடி மாதிரி பெயின்ற். வாங்கி மூன்றாவது வாரம், மத்தியான வெயிலில் கந்தளாய் தாண்டி வருகையில் வெப்பமானியின் ஊசி நடுவில் இருந்து மெல்ல மேலே நகர்ந்தது. நான் அதைக் கண்டும், இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டினேன். பொனற்றின் ஓரத்தால் வெள்ளை ஆவி வந்த பிறகுதான் நிறுத்தினேன். அம்மாவை மர நிழலில் இருத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. லேத்துக்குக் கொண்டுபோய், கஸ்கெற்றைக் கொழும்பில் இருந்து எடுப்பித்து, ஓடவைக்க ஐந்து கிழமை. விலையில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் அதற்கே போனது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: களைத்துப்போன 2,500 சிசியை விட, சுகதேகியான 1,500 சிசி நன்றாக இழுக்கும்.

ஹைபிரிட்டைப் பற்றிச் சுருக்கமாக. மூன்றாம் தலைமுறை பிரியஸில் எஞ்சினும் மோட்டரும் சேர்ந்து 136 குதிரைவலு. நின்ற இடத்தில் இருந்து எழும்பும்போது நல்ல இழுவை. ஆனால் பின் ஆசனத்துப் பக்கம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கிறது. அது தூசியால் அடைபட்டிருந்தால், நம் ஊர் வெக்கைக்குப் பற்றரி சீக்கிரம் தளர்ந்துவிடும். அந்தப் பற்றரி மாற்றுகிற காசும் கையில் இருந்தால் மட்டும் ஹைபிரிட்டைப் பாருங்கள். ஏழு கியர் இரட்டைக் கிளச்சோடு வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளில் ஆரம்பத்தில் வந்தவற்றை ஜப்பானிலேயே பல தடவை திருப்பி அழைத்துச் சரிசெய்தார்கள். அந்தத் திருத்தம் செய்த காரா என்று கேளாமல் எடுக்கவேண்டாம்.

இனி உப்பு. மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் அறிவுரையில் இது இருக்காது, ஆனால் இங்கே இதுதான் பெரிய விஷயம். திருகோணமலையை மூன்று பக்கமும் கடல் பிடித்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் பக்கம் கரையோரம் நின்ற காரின் மேல்பக்கம் பளபளக்கும், அடிப்பக்கம் தின்னப்பட்டுக் கிடக்கும். ஆகவே காரை எழுப்பிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் வரம்பை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போங்கள். தகரம் என்றால் டங் என்று ஒரே சத்தம் வரும். பட்டி பூசிய இடம் வந்ததும் சத்தம் செத்துவிடும். சின்னக் காந்தத் துண்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், பட்டியில் அது ஒட்டாது. ஸ்பெயார் சில்லை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள், முன் கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள், சொக்கப்சோபர் மேலே போய்ப் பூட்டுகிற இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் துரு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். மலைநாட்டிலும் உள்நாட்டிலும் ஓடிய காருக்கு இந்த வருத்தம் குறைவு. அதனால் நம் ஊருக்குள் மட்டும் தேடாமல் குருநாகல், கண்டிப் பக்கமும் பாருங்கள்.

கடலுக்குத் தூரமாக ஓடிய காரில் வேறொன்று கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் சந்தையில் கலந்திருக்கும். ஆசனத்துக்குக் கீழே தண்டவாளம் போல ஓடும் இரும்பில் புதுத் துரு, சீற் பெல்ற்றை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு, ஏசி போட்டதும் ஈரச்சாக்கு மணம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கிலோமீற்றர் மானியை நம்பவே வேண்டாம். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்ரியரிங்கின் வழவழப்பு, சாரதி ஆசனத்தின் ஓரம், இவை சொல்வதுதான் காரின் வயது. 60,000 ஓடிய காரில் மிதி ரப்பர் மொட்டையாக இருக்க நியாயம் இல்லை. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் வருமுன்னே விற்பவர் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் அதையே ஒரு பதிலாக எடுங்கள். உங்களோடு ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுங்கள், தரகரின் பாஸ் வேண்டாம். எனக்குப் பார்த்துத் தருகிற பாஸ் செய்வது இதுதான்: எண்ணெய் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்ப்பார். பால்தேநீர் நிறத்தில் குழம்பு பிடித்திருந்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் போகிறது. பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அந்த மூடியைத் தலைகீழாகத் துவாரத்தின் மேல் சும்மா வைப்பார். மூடி அப்படியே லேசாக நடுங்கிக்கொண்டு இருந்தால் நல்லது. கஞ்சிப்பானை மூடி போலத் துள்ளினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, இழுவை முழுவதும் அந்த வழியாலேயே போகிறது.

ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள். ஏசியை முழுதாகப் போட்டு உவர்மலை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, அங்கிருந்து எழுப்புங்கள். கியர் தயங்கி, உதறி, பிறகு இடிக்கிறதா என்று கவனியுங்கள். கண்ணாடியால் பின்னால் பாருங்கள், நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அப்புறம் கன்னியாப் பக்கம் திறந்த வீதிக்கு எடுத்து, பின்னால் ஆள் இல்லாத இடத்தில் 60இல் இருந்து பிரேக்கை அழுத்துங்கள். ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதியில் நிற்கும். கரும் உருவம், கிட்டப் போகும்வரை தெரியாது. அந்த இடத்தில் உங்களைக் காப்பது நல்ல பிரேக்கும் மங்காத ஹெட்லைற்றும். முடிந்தால் அந்த வீதியை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள்.

பத்திரங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் இரண்டு மூன்று பேர் கைமாறியும் பெயர் மாற்றாமல், பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த படிவத்தோடு விற்பதை ஓப்பின் பேப்பர் என்பார்கள். அதை எடுக்காதீர்கள். அந்தக் கையெழுத்துக்காரர் நாட்டில் இல்லாவிட்டால் நீங்கள்தான் அலைய வேண்டும். புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று லீசிங் நிறுவனம் ஏதாவது இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்கவேண்டாம். செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வருடா வருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனையில் தேறாத காருக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. கனடா, ஐரோப்பாவில் இருந்து வருபவர்கள் இடப்பக்கம் ஓட்டிப் பழக, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிலாவெளி வீதியில் இரண்டு நாள் போய்வந்தால் கை பழகிவிடும்.

வாங்கிய கிழமையே எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், ரேடியேற்றர்த் தண்ணீர், பிரேக் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். அதற்கென்று விலையில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். அடிப்பக்கத்துக்குத் துருக்காப்பு அடித்து, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி விடுங்கள். பிறகு வழக்கம்போலக் கோணேசர் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய், பூசை செய்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாம். கோயில் கோட்டைக்குள் இருக்கிறது, அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மெதுவாகப் போங்கள். மான்கள் யோசிக்காமல் குறுக்கே வரும், பின்னால் குட்டியும் வரும்.