கட்டம், கதை, காட்சி: ஆங்கிலச் சொற்கள் மனத்தில் தங்க ஒரு வழி

2015ஆம் ஆண்டு, எழுத்துவில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்களை உருவாக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. போட்டிக்கு முந்தைய சில வாரங்களில், விளையாட்டில் செல்லுபடியாகும் சொற்களை வெறும் எழுத்து வரிசைகளாக மனத்தில் ஏற்றிக்கொண்டு, அவற்றின் பொருளை அறியாமலேயே, அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களை அவர் தோற்கடித்தார். சொற்புதிர்களின் வழியே ஆங்கிலம் கற்க நினைப்பவர் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி இது. புதிர் சொல்லின் வடிவத்தைக் கொடுக்கும். பொருளை நாம்தான் போய் எடுத்துவர வேண்டும்.

ஒரு சொல் நம் வசப்பட்டுவிட்டது என்று சொல்ல மூன்று தெரிந்திருக்க வேண்டும். அது எப்படி எழுதப்படுகிறது என்பது ஒன்று. எதைக் குறிக்கிறது, அந்தப் பொருள் அதற்கு எங்கிருந்து வந்தது என்பது இரண்டு. அதை யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது மூன்று. முதலாவதற்குச் சொற்புதிரும், இரண்டாவதற்கு நாட்டார் கதைகளும், மூன்றாவதற்குத் திரைப்படம், தொடர், பாட்டு முதலியவையும் கைகொடுக்கின்றன. பலர் இவற்றில் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துப் பயனில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஒரே சொல்லை மூன்று இடங்களிலும் சந்திக்குமாறு ஏற்பாடு செய்துகொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை.

தொடங்குவதற்கு ஏற்றது சொல்லேணி. லூயிஸ் கரோல் 1877ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது, பொழுதுபோகாமல் இருந்த இரண்டு பெண்களுக்காக இதை உருவாக்கினார். 1879இல் லண்டனிலிருந்து வெளிவந்த வேனிட்டி ஃபேர் வார இதழில் இது அச்சேறியது. ஒரு சொல்லில் ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, ஒவ்வொரு படியிலும் உண்மையான சொல்லே நிற்குமாறு பார்த்துக்கொண்டு, இன்னொரு சொல்லைச் சென்றடைய வேண்டும். கரோலே காட்டிய எடுத்துக்காட்டு, தலையை வாலாக்குவது: ஹெட் (head), ஹீல் (heal), டீல் (teal), டெல் (tell), டால் (tall), டெய்ல் (tail).

இந்த ஆறையும் ஒரு தாளில் ஆங்கில எழுத்துகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் சொல்லுக்கும் இரண்டாவதற்கும் இடையில் மாறியது கடைசி எழுத்து மட்டுமே. ஆனால் நடுவில் நிற்கும் 'இ', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகளும் அப்படியே இருக்க, ஒலி மட்டும் குறில் எகரத்திலிருந்து நெடில் ஈகாரத்துக்குத் தாவிவிட்டது. எழுத்தைப் பார்த்தாலே ஒலி ஏறத்தாழப் பிடிபட்டுவிடும் தமிழில் பழகியவர்களுக்கு ஆங்கிலம் இடறும் இடம் இதுதான். அது இலக்கண விதியாகச் சொல்லப்படும்போது மறந்துபோகிறது; ஏணியில் நாமே ஏறும்போது காலில் முள் தைத்ததுபோல் நினைவில் நிற்கிறது. இரண்டாவது படியில் நிற்கும் சொல் குணமாவதைக் குறிக்கிறது. அதே ஒலியுடன் எழுத்து மட்டும் வேறுபடும் இன்னொரு 'ஹீல்' குதிகால் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது படியில் உள்ள 'டீல்' ஒரு சிறிய வாத்தின் பெயர். அதன் கண்ணோரப் பட்டையின் நிறத்திலிருந்தே நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறத்துக்கும் அதே பெயர் வந்தது. ஐந்தே மாற்றங்களில் இத்தனை சேதி கிடைக்கிறது. அடுத்து நீங்களாகவே 'கோல்டு' என்ற குளிரை 'வார்ம்' என்ற இளஞ்சூடாக மாற்றிப் பாருங்கள். நான்கு மாற்றங்கள் போதும்.

ஏணி பழகிய பிறகு குறுக்கெழுத்துக்குப் போகலாம். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில், வைர வடிவக் கட்டத்தில் வெளியிட்ட புதிரிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று கற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அமெரிக்கப் பாணியும் பிரித்தானியப் பாணியும் வேறு வேறு என்பது. அமெரிக்கக் கட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வோர் எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் பங்குபெறும். ஆகவே தெரியாத சொல்கூட அதை வெட்டிச் செல்லும் சொற்களின் உதவியால் தானே உருவாகி முன்னால் வந்து நிற்கும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் புதிர் திங்கட்கிழமை எளிதாகத் தொடங்கிச் சனிக்கிழமை கடுமையாக முடியும் என்பதால், முதல் சில மாதங்களுக்குத் திங்கட்கிழமைப் புதிரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சனிக்கிழமைப் புதிரைத் தொட்டுவிட்டு மனம் தளர்ந்தவர்கள் பலர்.

குறிப்பைப் படிக்கும் முறைக்குச் சில எழுதாத விதிகள் உண்டு. குறிப்பு பன்மையில் இருந்தால் விடையும் பன்மையில் இருக்கும். குறிப்பு இறந்தகால வினையாக இருந்தால் விடையும் இறந்தகால வினையே. குறிப்பில் சுருக்கெழுத்து தென்பட்டால் விடையும் சுருக்கம். முடிவில் கேள்விக்குறி இருந்தால் அங்கே ஏதோ சிலேடை ஒளிந்திருக்கிறது. இதைக் கவனித்துப் பழகினாலே, ஆங்கிலச் சொல்லைப் பெயரா, வினையா, பெயரடையா என்று பார்க்கும் பழக்கம் கேட்காமலேயே வந்துவிடும். விடை தெரியாவிட்டாலும், பன்மை என்று கண்டதும் கடைசிக் கட்டத்தில் 'எஸ்' எழுத்தைப் பென்சிலால் மெல்ல இட்டுவைக்கலாம். பெரும்பாலும் அது நிலைக்கும்.

குறிப்பின் மேற்பொருள் ஒன்றாகவும் உண்மைப் பொருள் வேறாகவும் இருக்கும் பிரித்தானியரின் மறைபொருள் குறுக்கெழுத்து கற்பவருக்கு எட்டாக்கனி என்று பலர் சொல்வார்கள். முழுக் கட்டத்தையும் நிரப்புவதானால் அது உண்மைதான். ஆனால் நாளுக்கு ஒரே ஒரு குறிப்பை எடுத்து, விடையையும் பார்த்துவிட்டு, அது எப்படி வந்தது என்று பின்னோக்கி அவிழ்ப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை என்பது என் கருத்து. அங்கே 'ஃப்ளவர்' என்று கண்டால் அது பூவாக இல்லாமல் ஆறாகவும் இருக்கக்கூடும். 'ஃப்ளோ' என்றால் பாய்தல். அதனோடு செய்பவரைக் குறிக்கும் 'இஆர்' விகுதியைச் சேர்த்தால் 'பாய்வது' என்று பொருள் வரும். எழுதிப் பார்த்தால் பூவும் பாய்வதும் ஒரே எழுத்துகள்தாம், உச்சரிப்பில்தான் வேறுபாடு. 'நம்' என்றால் மரத்துப்போன என்று பொருள் என்பதால், அதே கணக்கில் 'நம்பர்' என்பது எண்ணாகவும் இருக்கலாம், மரத்துப்போகச் செய்யும் மருந்தாகவும் இருக்கலாம். இந்த இரண்டு குறும்புகளையும் ஒருமுறை ரசித்தவருக்கு அந்த விகுதி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அது எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற உள்ளுணர்வைக் கூர்மையாக்கும். விடைகள் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே அறிந்த சொற்களாக இருப்பதால் சொல்வளத்தை அவ்வளவாகக் கூட்டாது. விளையாடுங்கள், ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள். அதுபோல் உயிரெழுத்துகள் நிறைந்திருப்பதால் மட்டுமே குறுக்கெழுத்துகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சில சொற்களையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம். கடற்கழுகைக் குறிக்கும் 'எர்ன்' அத்தகையது. கட்டத்துக்கு வெளியே அது உங்களுக்கு எதிர்ப்படுவது அரிது.

இனி கதைகள். நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் 'ஃபோக்லோர்' என்ற ஆங்கிலச் சொல்லே 1846இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் உருவாக்கியது. கற்பவர் தேர்ந்தெடுக்க வேண்டியது தமக்குத் தமிழில் ஏற்கெனவே தெரிந்த கதையை. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரியின் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும் என்பதால், தெரியாத சொல் வந்தாலும் அகராதியைப் புரட்டாமல் ஊகிக்க முடியும். அந்த ஊகம் சரியென்று பிறகு தெரியவரும்போது சொல் ஒட்டிக்கொள்கிறது. நாட்டார் கதைகளில் ஒரே வாக்கியம் மூன்று முறை, நான்கு முறை திரும்ப வருவதும் நமக்கு வசதி. கதை சொல்லிகள் கேட்பவரின் நினைவுக்காகச் செய்த ஏற்பாடு அது. கற்பவருக்கும் அதே வேலையைச் செய்கிறது. ஈசாப்பின் கதையில் சிங்கம் வேட்டை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் 'சிங்கத்தின் பங்கு' என்றால் முழுவதும் அன்று, பெரும்பகுதி. கதையையும் இன்றைய பொருளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சொற்றொடர் எப்படித் தேய்கிறது என்பதும் புலப்படும்.

கதைக்குள் புதைந்துகிடக்கும் சொற்கள் ஏராளம். எனக்கு மிகவும் பிடித்தது 'செரண்டிப்பிட்டி'. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754இல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல் அது; தேடாத ஒன்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டடைவதைக் குறிக்கிறது. செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களில் ஒன்று. அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையிலிருந்து அவர் அதை எடுத்தார். காணாமற்போன ஒட்டகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அது நொண்டி, ஒற்றைக்கண், பல் விழுந்தது என்று இளவரசர்கள் சொல்லிவிடுகிறார்கள். இதே வகைக் கதையைத் தமிழில் கேட்டிருப்பீர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு ஆங்கில வடிவத்தைப் படியுங்கள்: நொண்டி நடப்பதற்கு 'லிம்ப்', மேய்வதற்கு 'கிரேஸ்', தடத்துக்கு 'டிராக்' என்று, ஒட்டகம் போன வழியிலேயே சொற்கள் உதிர்ந்து கிடக்கும். ஒரு கதைக்கு ஐந்து சொல் எடுத்தால் போதும். இருபது எடுத்தால் கதை கசந்துவிடும்.

கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற சொல்லில் உள்ள 'மேர்' பெண்குதிரை என்று பலர் எண்ணுகிறார்கள். உறங்குபவரின் மார்பின்மேல் ஏறி அமர்ந்து அமுக்குவதாகப் பழைய ஆங்கிலேயர் நம்பிய பேய்தான் அது; நம் அமுக்குவான் பேய்க்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சுரங்கத் தொழிலாளர்களை ஏமாற்றிய தாதுவுக்கு, ஜெர்மானியர் நம்பிய 'கோபோல்டு' என்ற குட்டிச்சாத்தானின் பெயரை வைத்ததில் பிறந்தது 'கோபால்ட்' என்ற உலோகத்தின் பெயர். 'கிளாமர்' என்ற கவர்ச்சியோ, ஸ்காட்லாந்து வழக்கில் 'கிராமர்' என்ற இலக்கணம் திரிந்து வந்தது. கல்வியறிவை மந்திர வித்தையாக மக்கள் பார்த்த காலத்தில் அது மாயம் என்று பொருள்பட்டது. இலக்கணப் புத்தகத்தைக் கண்டு மிரள்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொற்பிறப்புக் கதைகளில் சுவையானவை எல்லாம் உண்மையாகிவிடா. ஆடம்பரமான என்று பொருள்படும் 'பாஷ்' என்ற சொல் கப்பல் பயணச்சீட்டில் அச்சிட்ட நான்கு சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்ற கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் அது ஓயாமல் சுற்றிவருகிறது. நல்ல அகராதியில் வேர் பார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்னொன்று, கதைகளின் மொழி பழையது. கதைகளிலேயே மூழ்கிக் கிடந்த நாளில் நான் ஓர் அலுவலக மின்னஞ்சலில் இணைப்பைப் பார்க்கச் சொல்ல 'பிஹோல்ட்' என்று எழுதிவிட்டேன்; தமிழில் 'காண்மின்' என்று எழுதியதற்குச் சமம். மறுமொழியில் வந்த சிரிப்புக்குறிதான் எனக்குத் தொனி என்ற பாடத்தைத் தொடங்கிவைத்தது.

அந்தப் பாடத்துக்குத் திரையும் தொடரும் வேண்டும். ஒரு படம் முழுவதையும் பார்ப்பதைவிட இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை மூன்று முறை பார்ப்பது பலன் தரும். முதல் முறை, திரையின் அடியில் வசனத்தைக் காட்டும் எழுத்துவரி இல்லாமல். இரண்டாம் முறை ஆங்கில எழுத்துவரியோடு. மூன்றாம் முறை மீண்டும் எழுத்துவரியை மறைத்துவிட்டு, பேசுபவரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. தமிழ் எழுத்துவரியைத் தவிர்த்துவிடுங்கள்; கண் அதைப் படிக்கத் தொடங்கினால் காது வேலையை நிறுத்திவிடும். குறிப்பேட்டில் சொல்லின் அருகே அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், கோபமா கேலியா என்று ஒரு வரி எழுதுங்கள். பாடல்கள் ஒலிக்கும் மனப்பாடத்துக்கும் நல்லவை. சந்தத்துக்காக இலக்கணத்தை முறிப்பது அவற்றின் பிறப்புரிமை என்பதால், வாக்கிய அமைப்பை அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

மக்கள் கலைகள் தாமே சொற்களைப் பெற்றெடுப்பதும் உண்டு. பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய கேஸ் லைட் என்ற நாடகத்தில், கணவன் மேல்தளத்தில் ரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே வாயு விளக்கின் ஒளி மங்குகிறது. மனைவிக்கோ, அவள் மனம்தான் பிசகியிருக்கிறது என்ற எண்ணத்தை அவன் ஊட்டுகிறான். 1944இல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. ஒருவரைத் தன் அறிவையே ஐயுறச் செய்வதற்கு 'கேஸ்லைட்டிங்' என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகம் ஒன்றின் வழியே 1920இல் வெளிப்பட்டது 'ரோபோ'. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல் அதன் வேர்.

கடைசியாக, வாரம் ஒருமுறை நீங்களே ஒரு புதிர் செய்யுங்கள். குறிப்பேட்டிலிருந்து எட்டுச் சொற்களை எடுத்து, மிக நீளமானதைக் கட்டத்தாளின் நடுவில் குறுக்காக எழுதி, மற்றவற்றை அதன் எழுத்துகளில் நெடுக்காகத் தொங்கவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்திலேயே, அந்தச் சொல்லையோ அதன் வேரையோ பயன்படுத்தாமல், குறிப்பு எழுதுங்கள். உழைப்பு முழுவதும் இந்த இடத்தில்தான். 'லிம்ப்' என்பதற்கு 'மெதுவாக நட' என்று குறிப்பு எழுதினால் அது வேறு பல சொற்களுக்கும் பொருந்திவிடும். 'ஒரு கால் வலிக்கும்போது நட' என்று திருத்தும்போதுதான் சொல்லின் எல்லை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது. வெற்றுக் கட்டத்தையும் குறிப்புகளையும் ஓர் உறையில் போட்டு, பத்து நாள் கழித்து எடுத்து நிரப்புங்கள். நிரப்ப முடியாமல் நின்ற சொற்களுக்குப் பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுப் புதிய குறிப்பு எழுதி, அடுத்த வாரத்துக் கட்டத்தில் முதல் இடத்தை அவற்றுக்கே கொடுங்கள்.