குதிரையைக் குளிப்பாட்டும்போது மாட்டு நினைப்பு வேண்டாம்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசை ஆசையாகக் குதிரை பிடித்து வருபவர்களில் பலர் அதுவரை மாடு வளர்த்தவர்கள். கயிறு பிடித்துப் பழகிய கை, பயம் கிடையாது. வம்பும் அதனால்தான். கட்டுத்தறியில் மாட்டுக்குச் செய்ததையே குதிரைக்கும் செய்கிறார்கள்.

உயிருக்கே உலை வைப்பது உண்ணி மருந்து. மாட்டுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று குதிரைக்கும் தெளித்துவிடுவார்கள். அந்த மருந்து அமிட்ராஸ் என்றால், குதிரைக்குக் குடல் ஓட்டம் மந்தமாகி, லத்தி இறுகி அடைத்துக்கொள்ளும். வயிற்று வலியில் படுத்துப் புரளும், செத்தும் போகலாம். டப்பாவில் என்ன மருந்து என்று பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்கும்போது "குதிரைக்கு" என்று சொல்லியே கேளுங்கள். மண்ணெண்ணெய் தடவுகிற வைத்தியமும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அடுத்தது நிற்கும் இடம். மாடு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் காலை வீசும். குதிரையோ இரண்டு பின்னங்காலையும் சேர்த்து நேர் பின்னே விடும். அதற்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் வால் பக்கமும் நெற்றிக்கு நேர் முன்னும் தெரியாது. ஆகவே குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போங்கள். பின்னால் சுற்றி வர வேண்டுமானால் புட்டத்தில் கை வைத்தபடி ஒட்டியே வாருங்கள். இல்லாவிட்டால் கால் எட்டாத தூரத்தில் போங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் முழு உதையும் விழும். வாலைக் கழுவும்போது தொடைப் பக்கம் நின்று வாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். குளம்பு பார்க்கக் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது. குனிந்தபடி நின்றால்தான் விலக முடியும். செருப்புக் காலோடு போவதும் சரியில்லை, ஷூ போடுங்கள்.

கட்டும் முடிச்சு, நுனியை இழுத்தால் சட்டென அவிழ வேண்டும். மிரண்ட குதிரை பின்னால் இழுக்கிற இழுப்பில் கட்டி வைத்த கேட்டே பெயர்ந்து வரும். கடிவாளத்தில் கட்டினால் வாய் கிழியும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்பவர்கள் விரலைப் பணயம் வைக்கிறார்கள்.

கழுவ நம் ஊரில் வசதியான இடம் மோட்டார் ரூம் பக்கம்தான். ஈரத் தரை, இரும்பு லாடம், கசியும் ஒயர் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழவழ சிமெண்டுத் தரையும் ஆகாது. தண்ணீரைக் குளம்பில் தொடங்கி மெல்ல மேலே கொண்டு போங்கள். முகத்துக்கு ஈரத்துணியே போதும், காதுக்குள் தண்ணீர் போனால் அடுத்த முறை கிட்டவே விடாது. குளத்தில் இறக்கினால் முன்னங்காலைக் கவனியுங்கள். அதனால் தண்ணீரை அடித்துக் கிளறத் தொடங்கினால் படுக்கப் போகிறது என்று அர்த்தம். மேலே ஆள் இருந்தாலும் படுக்கும்.

நம் ஷாம்பு மனிதத் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்றது. குதிரைத் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. குதிரைக்கென்றே விற்பதை வாங்குங்கள், நுரை மிஞ்சாமல் அலசுங்கள். ஈர முதுகில் சேணம் ஏற்றினால் புண் வரும். இரும்புச் சீப்பை முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் வைக்காதீர்கள், அங்கே தோலுக்கு அடியில் நேரே எலும்புதான்.

ஓடி வேர்த்த குதிரைமேல் பச்சைத் தண்ணீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அது சரியல்ல. குதிரையின் இயல்பான உடல்சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ்; ரேக்ளாவில் ஓடி வந்தால் 40-ஐத் தாண்டலாம். அப்போது நிறுத்தாமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதுதான் காப்பாற்றும். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போனால் சூடு உள்ளேயே நிற்கும்.

பந்தயத்துக்கோ சந்தைக்கோ போகும்போது பிரஷையும் வாளியையும் சொந்தமாகக் கொண்டு போங்கள். பக்கத்துக் குதிரையின் பிரஷில் படர்தாமரை வரும், பொதுத் தொட்டியில் கிளாண்டர்ஸ் என்கிற கொடிய பாக்டீரியா நோய் வரும். பின்னது மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் அரசு விதிப்படி குதிரையைக் கொன்றுவிடுவார்கள்.